அப்பாவின் அமிர்தக் காற்று

விடிகாலை நாலரைக்கெல்லாம் எங்கள் கீரனூர் வீட்டில் ஒரு சத்தம் கேட்கும். அப்பா வாசல் கதவைத் திறக்கும் சத்தம். அடுத்த பத்தாவது நிமிஷம் இன்னொரு சத்தம்... அப்பாவின் இருமல்!

"வெளியில உட்காராதீங்கப்பா"ன்னா கேட்கமாட்டார். "காலைக் காத்து அமிர்தம்டா. உன் ஆபீஸ் ஏ.சி. காத்துதான் விஷம்" என்பார். நானும் விடாமல் பனி, புழுதி, வைக்கோல்போர் என்று ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டுப் பார்த்தேன். "நீ பார்த்தியா?" என்ற ஒரே கேள்வியில் என்னை அடக்கிவிடுவார்.

பார்க்க வழி இருக்கிறது, ஸார்! பேங்க் கவுன்ட்டரில் நோட்டை ஊதா விளக்கில் காட்டுவார்களே, நல்ல நோட்டின் நூலிழை பளிச்சென்று மின்னுமே... அதே வித்தைதான். காற்றை உறிஞ்சி, துகள்களை ஒவ்வொன்றாக வரிசையில் அனுப்பி, புற ஊதா லேசரை அடிக்கிறார்கள். வெறும் மண் துகள் பெரும்பாலும் சும்மா போய்விடும். பூஞ்சை வித்தோ, மகரந்தமோ, பாக்டீரியாவோ என்றால் மின்னும். காரணம், செல்லுக்குள் இருக்கும் ரிபோஃப்ளேவின் மாதிரி சரக்குகள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று பாத்ரூமில் மஞ்சளாக வந்து நம்மைப் பயமுறுத்துமே, அதே ஆசாமி!

சென்னை ஐ.ஐ.டி.க்காரர்கள் ஜெர்மானிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2014 மழைக்காலத்தில் மூணாறில் இப்படியொரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். 355 நானோமீட்டர் லேசர். கொஞ்சம் பெரிய சைஸ் துகள்களில் சராசரியாக நூற்றுக்கு இரண்டு மின்னியது.

ஜெயித்த மிதப்பில் அப்பாவிடம் சொன்னேன். "பல பூஞ்சைங்க ஈரமான பின்ராத்திரியிலயும் விடியற்காலையிலயும்தான் வித்தைத் தூவுமாம்ப்பா."

பொறுமையாகக் கேட்டார். "என்னை இரும வைக்கிறது அதுல எதுன்னு உன் லேசர் சொல்லுமா?"

மாட்டிக்கொண்டேன். உயிர்ப்பொருள் என்று சொல்லும். பேர், விலாசம் சொல்லாது. சில சமயம் புகைத் துகள்கூட மின்னி ஏமாற்றும். விலாசம் வேண்டுமென்றால் துகளைப் பிடித்து மைக்ராஸ்கோப்பிலோ, டி.என்.ஏ. சோதனையிலோதான் பார்க்க வேண்டும்.

"சொல்லாதுப்பா. டாக்டர் சொல்லுவார், வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, "அது உங்கம்மா கோலம் போடற நேரம்டா. அவ போனப்புறம் அந்த நேரத்துக்கு உள்ள படுத்திருக்க முடியல" என்றார்.

இத்தனை நாளும் நான் காற்றைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன்!

இப்போது டாக்டர் கொடுத்த இன்ஹேலர் இருக்கிறது. நாலரைக்கு நானும் எழுந்துவிடுகிறேன். வெயில் வந்த பிறகுதான் வாசல். அதுவரை கூடத்தில் ரெண்டு பேரும், என் கைக் காபியும்.

"இதை அந்த லேசர்ல காட்டினா மின்னுமாடா?" என்கிறார் அப்பா.

பாலில் ரிபோஃப்ளேவின் உண்டு. "மின்னும்ப்பா" என்கிறேன்.

"குடிக்கத்தான் முடியல" என்கிறார்.