டிஸ்க் உட்காரும் இடம்

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, முன்னால் போகிற பெரிய எஸ்யூவியிலிருந்து சில நேரம் கருகல் வாடை வரும். பிரேக் பேட் சூடேறிக் காய்கிற வாடை அது. உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடும், பாட்டு ஓடும். இந்த வண்டிகளின் சொகுசில் எனக்கு இருக்கிற ஒரே கவலை இதுதான். வேகத்தையும் எடையையும் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன.

ஆட்களும் பெட்டிகளும் சேர்ந்து வண்டி 2,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் வரை சுமார் 1,900 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு தூரம் கீழே வந்தால் ஏறக்குறைய 45 மெகாஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அதே வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒருமுறை முழுதாக நிறுத்த ஒரு மெகாஜூலுக்குச் சற்றுக் குறைவு; அந்தச் சூட்டில் மூன்று லிட்டர் தண்ணீர் கொதிநிலைக்கு வந்துவிடும். மலை இறக்கம் என்பது அப்படி ஐம்பது தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்க் வாங்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் அது பொருந்தும். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாவதிலோ மூன்றாவதிலோ பிடித்து வைத்தால் போதும்.

டிஸ்க் பிரேக் புதிய சரக்கல்ல. இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பவர் 1902இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1953இல் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டிரம்முக்குள் அடைபட்டுக் கிடந்த சூடு வெளிக்காற்றில் ஆறியதுதான் அங்கே வித்தியாசம். இன்றைய எஸ்யூவியின் முன் டிஸ்க்கைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வரிசையாகத் தடுப்புகள் தெரியும். சுற்றும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வீசும். உலோகம் பெரும்பாலும் சாதாரண வார்ப்பிரும்புதான், கோவைப் பட்டறைகளுக்கு நன்றாகத் தெரிந்த கிரே அயர்ன். அதற்குள் செதில் செதிலாகப் படிந்திருக்கும் கிராஃபைட் சூட்டைக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். லட்சக்கணக்கில் விலை போகிற வண்டியை நிறுத்துவது இந்த எளிய இரும்பு என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எங்கள் வீட்டு வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய கொஞ்ச நாளில் முன் டிஸ்க் இரண்டும் புதிதாகப் போட்டார்கள். சில மாதம் நன்றாக இருந்தது. பிறகு 80க்கு மேல் போய்ப் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் ஆடியது, பெடல் காலடியில் உதறியது. மாட்டிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “டிஸ்க் கோணிடுச்சு சார், வேற செட் போட்டுடலாம்” என்றார்கள். புது டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் கோணுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆவாரம்பாளையம் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கியதும் அவர் டிஸ்க்கைக் கழற்றவில்லை. வீலை மட்டும் எடுத்துவிட்டு, வீல் போல்ட்டை வாஷர் வைத்து முறுக்கி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினார். டயல் கேஜை நக்கிள் மேல் பொருத்தி, முனையை டிஸ்க்கின் விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே தொடவைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஊசி போய்ப் போய் வந்தது. 0.12 மில்லிமீட்டர். “அஞ்சு பாயிண்ட்டுக்குள்ள இருக்கணுங்க தம்பி, இது பன்னெண்டு ஆடுது” என்றார். அவர் பாயிண்ட் என்றது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை.

“அப்போ டிஸ்க் போச்சுங்களா அண்ணா?”

“மொதல்ல ஹப்பைப் பாக்கணுங்க. டிஸ்க்கைக் கழட்டி எறியறதுக்கு என்னங்க, எப்ப வேணா எறியலாம்.”

கழற்றிப் பார்த்தால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் ஒரு பக்கம் துரு பொருக்காகப் படிந்திருந்தது. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைத் துருவின் மேலேயே மாட்டியிருக்கிறார்கள். துரு மிக மெல்லியதுதான். ஆனால் ஹப்பில் இருக்கிற சிறு சாய்வு, டிஸ்க்கின் விளிம்புக்குப் போவதற்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை லேசாக உரசும், பிரேக் மிதிக்காதபோதுகூட. சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேயும், அல்லது பேடின் பூச்சு அங்கே மட்டும் திட்டாகப் படியும். கனம் இடத்துக்கு இடம் மாறியதும்தான் உதறல் தொடங்கும். மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருப்பதும், மாதங்கள் கழித்துப் பழி டிஸ்க் மேல் விழுவதும் இதனால்தான். மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிலும் எட்டு இடத்தில் அளந்தார். கூடுதலுக்கும் குறைவுக்கும் 0.03 மில்லிமீட்டர் வித்தியாசம். மனிதத் தலைமுடியைவிட மெல்லிய அந்த வித்தியாசம்தான் ஸ்டியரிங்கை உலுக்கியது.

கம்பி பிரஷ், பிறகு உப்புக் காகிதம், பிறகு துணி. ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் விரலால் தடவிப் பார்த்துச் சுத்தம் செய்தார். டிஸ்க்கில் கனம் நிறைய இருந்ததால் லேத்தில் மெல்லியதாக ஒரு கட்டிங் விட்டு அதையே திரும்பப் போட்டார். டயல் 0.03 காட்டியது. வீல் போல்ட்டுகளை ஏர் கன்னில் அடிக்கவிடவில்லை. எதிரெதிராக, டார்க் ரெஞ்சில், ஒரே அளவு. உதறல் போய்விட்டது. புது டிஸ்க் வாங்கும் செலவே வரவில்லை.

பல வருடம் ஓடிய பிறகு அதே டிஸ்க்குகள் உண்மையாகவே தேய்ந்தன. புதிதில் 36 மில்லிமீட்டர். இதற்குக் கீழே போகக் கூடாது என்று நடுப்பகுதியில் பொறித்திருக்கும் எண் 34.4. அளந்தால் 34.6 இருந்தது. “லேத்துல போட்டா ஆகாதுங்களா?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பக்கத்துக்கு 0.2 எடுத்தாலே 34.2 ஆகிவிடும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தேக்கிவைக்க இடமில்லாமல் சீக்கிரம் கொதிக்கும், வெடிப்பு விடும். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது தப்பு. முன் இரண்டும் சேர்த்து மாற்றினோம், புதுப் பேடோடு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

மற்றவை சுருக்கமாக. புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசி வரும். கழுவாமல் மாட்டினால் பேட் கெடும். காலிப்பர் கைடு பின் இறுகியிருந்தால் உள் பேட் மட்டும் தேயும். பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில், ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் போய்விடும். பிரேக் ஆயிலைப் பலர் மறந்தே விடுகிறார்கள். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த அளவு 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். புதிதாக மாட்டியதும் காலியான சாலையில் 60லிருந்து 10 வரை பல தடவை இதமாகக் குறைத்து, நடுவே முழுதாக நிறுத்தாமல் ஓட்டி, ஆறவிடுங்கள். சூடான பிரேக்கை அழுத்தியபடி சிக்னலில் நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும்.

மழை விட்ட காலையில் டிஸ்க் மேல் செம்மண் நிறத்தில் தெரிகிற துருவுக்குப் பயப்பட வேண்டாம், இரண்டு பிரேக்கில் போய்விடும். அடுக்குமாடி பேஸ்மென்டில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிதான் பயப்பட வேண்டியது. அங்கே துரு ஓரத்திலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு வரும்.

வண்டியைப் பிரேக் வேலைக்கு விடுகிறவர்கள் மூன்று எண்களைக் கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: டிஸ்க்கின் கனம், அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச கனம், மாட்டிய பிறகு டயல் காட்டிய ஆட்டம். ஹப்பைச் சுத்தம் செய்தீர்களா என்றும் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில், எவ்வளவு பளபளப்பான ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும், பிரேக் வேலை கொடுக்காதீர்கள்.