கொடி பறக்க மூன்று இரவு

"ஆகஸ்ட் 15-க்கு நம்ம தெரு குரூப்புல போட ஒரு கொடி செஞ்சு குடு தம்பி. சும்மா படமா வேணாம், அசையணும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அரை மணி நேர வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

3:2 அளவில் மூவர்ணம், 24 ஆரங்களோடு சக்கரம். இதுவரை சுலபம். பிறகு ஃபோட்டோஷாப்பில் டிஸ்ப்ளேஸ் ஃபில்டர். கறுப்பு வெள்ளையில் மங்கலாக ஓர் அலைப் படம் கொடுத்தால், அதைப் பார்த்துக் கொடியை வளைக்கும். 128 என்ற நடுச்சாம்பல் உள்ள இடம் நகராது. கறுப்பு ஒரு பக்கம் தள்ளும், வெள்ளை எதிர்ப்பக்கம். அலையை நகர்த்தி நகர்த்தி 12 ஃபிரேம் எடுத்து கிஃப் ஆக்கினேன்.

ஓட்டிப் பார்த்தால் அலசப் போட்ட துணி மாதிரி மிதக்கிறது!

மறுநாள் டீக்கடையில் நின்றபடி எதிரே இருந்த கட்சிக் கொடியையே பார்த்தேன். கம்பத்தை ஒட்டிய ஓரம் அசைவதே இல்லை. போகப் போகத்தான் அலை பெரிதாகிறது. நுனி படபடக்கிறது. மடிப்புக்குள் நிழல் விழுகிறது.

அன்றிரவு அலைப் படத்தின் கம்பப் பக்கத்தை நடுச்சாம்பலில் கரைத்தேன். அதே படத்தை நிழலாகவும் மேலே போட்டேன். 12-வது ஃபிரேமிலிருந்து முதல் ஃபிரேமுக்குத் திரும்பும்போது வந்த குதிப்பைச் சரிசெய்ய இன்னும் ஓர் இரவு.

அண்ணன் பார்த்தார். "நல்லாருக்கு தம்பி. காத்துதான் கொஞ்சம் கம்மி."