குளத்துப்புழையில் முட்டி போடும் ஜாதிக்காய்

குற்றால சீசன்னா ஐந்தருவியில் ஒரு குளியல், வாசல் கடையில் மங்குஸ்தான், ரம்புட்டான், திரும்பும்போது பார்டர் புரோட்டா. கடைக்காரரிடம் ஜாதிக்காய் விலையும் கேட்டுப் பாருங்க. 1800-ஐ ஒட்டிய வருஷங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மரத்தைக் குற்றாலத்தில் நட்டு வளர்த்துப் பார்த்தது. எல்லாம் டச்சுக்காரர்களின் ஏகபோகத்தை உடைக்கத்தான்.

வேடிக்கை என்னன்னா, கம்பெனி கடல் தாண்டிக் கொண்டுவந்த மரத்துக்குச் சொந்தக்காரங்க மலைக்கு அந்தப் பக்கமே இருந்தாங்க. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை வழியா குளத்துப்புழை. நம்மாளுங்க சாஸ்தா கோயிலுக்குப் போய் ஆற்று மீனுக்குப் பொரி போடுற அதே ஊர். அதைச் சுற்றியுள்ள காட்டுப் பள்ளங்களில், மெதுவா ஓடும் ஓடைகளை ஒட்டி, வருஷத்தில் பாதிக்கு மேல் சேறாகவே கிடக்கும் இடங்களில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கின்றன. வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்பாய்ப் பால் வடியும்.

சேற்றுக்குள் காற்று கிடையாது. அதனால வேர் மேலே கிளம்பி, முட்டி மடக்கின மாதிரி வளைந்து, திரும்ப மண்ணுக்குள் இறங்குது. வெளியே தெரியும் அந்த முட்டி வழியாத்தான் மரம் மூச்சு விடும். சில மரங்களுக்கு பிச்சாவரத்தில் பார்ப்பது போல ஊன்று வேர்களும் உண்டு. ஆனா இங்கே உப்புத்தண்ணி கிடையாது, சுத்தமான நல்ல தண்ணி.

அமெரிக்காவின் தெற்குப் பக்கம் இதே மாதிரி சேற்றில் நிற்பது ட்யுபெலோ. அடிமரம் பானை போல வீங்கியிருக்கும். அதையும் 'கம்' மரம்னு சொல்வாங்க (ஊட்டித் தைலமரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பேர்தான், ரெண்டுக்கும் உறவில்லை). ஃப்ளோரிடாவில் அபலாச்சிகோலா ஆற்றங்கரை ட்யுபெலோ பூவிலிருந்து எடுக்கும் தேன் நல்ல விலைக்குப் போகுது. ஆற்றில் தண்ணி குறைஞ்சா தேனீ வளர்ப்பவர்கள் கவலைப்பட ஒரு காரணம் இருக்கு.

குளத்துப்புழை மரத்துக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. கடை ஜாதிக்காயின் மணம் அதன் காய்க்குக் கிடையாது. அது நின்ற நிலத்துக்குத்தான் மதிப்பு இருந்தது! சமதளம், வற்றாத ஓடை... நெல்லுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பள்ளங்கள் வயலாச்சு. சுற்றியிருந்த காட்டில் பெரும்பகுதி தேக்கும் ரப்பருமாச்சு. திருவிதாங்கூர் பக்கத்துச் சேற்றுக்காடுகளைப் பற்றிக் கிருஷ்ணமூர்த்தி என்பவர் 1960-ல்தான் எழுதிப் பதிவு செய்தார். இன்றைக்கு கேரளம் முழுக்கச் சேர்த்தாலும் 2 சதுர கிலோமீட்டர் தேறாது.

விதையைச் சேமித்து வைக்கலாமேன்னு கேட்கலாம். நெல் மாதிரி காயவைத்து மூட்டை கட்டும் விதை இல்லை இது. காய்ந்தால் செத்துவிடும். பழம் வெடித்ததும் உள்ளே விதையைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு பத்திரி தெரியும். அதுக்காகவே இருவாட்சி வந்து விதையை முழுசா விழுங்கி, பத்திரியை மட்டும் செரித்துக்கொண்டு, கொட்டையை வேறெங்கோ போய்க் கக்கும். அது விழுகிற இடம் ஈரமாக இருக்க வேண்டும்.