உண்ண மறுக்கும் நோய்

பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களிடம் பசியைப் பற்றிக் கேட்டால் பொழுது சாயுமளவும் சொல்வார்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் உள்ளே வராத ஆண்டில் இறால் குறையும்; இறால் குறைந்தால் அடுப்புப் புகையும் குறையும். ஆனால், சோறு இருந்தும் உண்ண மறுக்கும் நோய் ஒன்று உண்டு என்றால், அதே மக்கள் வியப்புடன் நோக்குவர். ‘திமிர்’ என்றோ, ‘காற்றுக் கருப்பு’ என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுவர்.

அவ்வூரில் உள்ள எம் உறவினர் இல்லத்துப் பெண்ணொருத்திக்கு இந்நோய் கண்டது. வயது 16, வகுப்பில் முதல் மாணவி. ரமலான் முடிந்தும் அவள் நோன்பை விடவில்லை. முதலில் ஷவ்வால் ஆறு நோன்பு. பிறகு திங்களும் வியாழனும். பிறகு ஏறத்தாழ நாள்தோறும். நோன்பு திறக்கையில் ஒரு பேரீச்சம்பழம், அரைக் குவளைக் கஞ்சி. “வயிறு நிறைஞ்சிடுச்சு உம்மா” என்பாள். அண்டை வீட்டுப் பெண்கள் அவளது பேணுதலைப் புகழ்ந்தனர். சில மாதங்களில் வளையல் முழங்கை வரை ஏறிற்று. தாயத்துக் கட்டினர், ஓதிய நீர் கொடுத்தனர். மாதவிடாய் நின்ற பின்னரே தாய் அஞ்சினார். நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை அளித்திருக்கிறது மார்க்கம். ஆனால் அவளை நோயாளியென்று சொல்லத்தான் அவ்வீட்டில் எவருமில்லை.

இது எதனால் வருகிறதென்று தேடிப் படிக்கலானோம். 1689இலேயே இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி உண்ணாமலே மெலிந்து இறந்த பெண்ணொருத்தியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1873இல் வில்லியம் கல் என்பார் ‘அனோரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். நரம்பு வழிப் பசியின்மை என்பது அதன் பொருள். பொருந்தாப் பெயர்! பெரும்பாலோருக்குப் பசி இருக்கிறது, அதனோடு போரிடுகின்றனர். பின்னர் நெடுங்காலம் மருத்துவ உலகம் தாயையே குற்றம் சாட்டி வந்தது.

இரட்டையரிடம் நடந்த ஆய்வுகள் அதை மாற்றின. இந்நோய்க்கு ஆளாகும் இயல்பில் ஏறத்தாழப் பாதி அல்லது அதற்கும் மேற்பட்ட பங்கு பரம்பரையைச் சார்ந்தது என்று அவை காட்டின. 2019இல் 17 நாடுகளின் அறிஞர்கள் 16,992 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயுடன் தொடர்புள்ள எட்டு இடங்களைக் கண்டனர். அச்சம், மனச்சோர்வு போன்றவற்றோடு மட்டுமன்றி, உடல் கொழுப்பையும் சர்க்கரையையும் கையாளும் முறையோடும் இந்நோய்க்கு மரபணு உறவு உண்டென்று தெரிந்தது. ஆகவே இது மனத்தின் பிணி மட்டுமன்று. ஆயினும் ஆராயப்பட்டோர் ஐரோப்பிய வழியினரே. நம்மவர் குருதி அந்தக் கணக்கில் இல்லை.

பரம்பரை மட்டும் போதுமா? பசிபிக் தீவாகிய பிஜியில் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அறிஞர் அவ்வாண்டும் 1998இலும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். உணவு பற்றிய கோளாறான மனப்போக்கு 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 ஆக உயர்ந்திருந்தது. மூன்றாண்டில் குருதி மாறாது, சூழலே மாறிற்று. எனினும், எல்லாப் பழியையும் திரையின்மேல் போடுவோரிடம் ஒன்று கேட்போம்: 1689இல் ஏது தொலைக்காட்சி? பழவேற்காட்டு ஏரியில் ஆரணியாற்று நீரும் கடல்நீரும் கலக்கின்றன. ஒரு குவளை மொண்டு, இதில் ஆறு எவ்வளவு, கடல் எவ்வளவு என்று யார் பிரிப்பார்?

நம் நாட்டு நிலை இன்னும் சிக்கலானது. 1998இல் வெளிவந்த சென்னை மருத்துவர்களின் ஆய்வொன்று, 210 மருத்துவ மாணவரில் 14.8 விழுக்காட்டினரிடம், முழு நோயாகாத, இலேசான உணவுத் துயரைக் கண்டது. ஹாங்காங்கில் 1993இல் வெளியான ஆய்வில் 70 நோயாளிகளுள் 29 பேர், ‘பருத்துவிடுவேன்’ என்ற அச்சத்தையே சொல்லவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, உண்ணப் பிடிக்கவில்லை என்றனர். எம் உறவுப் பெண் சொன்னதும் அதுவே. மேனாட்டு நூல்களின் அடையாளத்தை மட்டும் நம்புவோர் அவளைக் கவனியாது விட்டிருப்பர்.

மற்றொன்றும் அறிந்தோம். 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடல்நலமுள்ள 36 இளைஞர்கள் ஆய்வுக்காக அரைப்பட்டினி கிடந்தனர். நாளடைவில் சோர்ந்தனர், சினந்தனர், உணவைப் பற்றியே எந்நேரமும் எண்ணினர். சிலர் சமையல் குறிப்புகளைச் சேர்த்தனர்! பட்டினியே மனத்தைத் திரிக்கிறது. எனவே அறிவுரை கூறித் திருத்திய பின் உணவு என்பது நடவாது. உணவே முதல் மருந்து. 1980களில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை, ஊட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே தந்தது. குற்றவாளியாக நிறுத்தப்பட்ட தாய் அங்கே துணை மருத்துவரானார். ஆனால் மிக மெலிந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டுதல் உயிருக்கே தீங்காகும். மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

சென்னையில் சிகிச்சை தொடங்கி ஓராண்டாகிறது. எடை மெல்ல ஏறுகிறது. நோன்பு வேண்டாமென்று மருத்துவரும், அவர் சொல்வதைக் கேளென்று பள்ளிவாசல் இமாமும் கூறிவிட்டனர். சென்ற மாதம் தாயார் எம்மிடம் கேட்டார்: “இளையவளுக்கும் வந்துடுமா?” உடன்பிறந்தோருக்கு வாய்ப்புச் சற்று மிகுதி என்பதையும், ஆயினும் பெரும்பாலோருக்கு வருவதில்லை என்பதையும் சொன்னோம். பேசாமல் கேட்டுக்கொண்டார். இப்போது சகோதரியர் இருவரும் ஒரே சஹனில் உண்கின்றனர். மூத்தவள் பக்கத்துச் சோறு எவ்வளவு குறைந்திருக்கிறதென்று, பரிமாறும் சாக்கில் தாய் குனிந்து பார்க்கிறார்.