எந்த கம்பெனி போர்டு?

வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசஸரை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். இன்டெல், ஏஎம்டி என்று இருப்பது இரண்டே கம்பெனி. கையில் இருக்கும் பணத்தைச் சொன்னால் மாடல் தானாக வந்து நிற்கும். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் விலையை ஒப்பிட்டு வாங்குவது. மதர்போர்டுக்கு வரும்போதுதான் பேச்சு தடுமாறும். "எந்த கம்பெனி போர்டை நம்பி வாங்கலாம்?" உறவிலும் அலுவலகத்திலும் பலருக்குக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களுக்கு வேண்டியது ஒற்றைப் பெயர். அப்படி ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை.

கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. ரேம் போனால் ஒரு நிமிடத்தில் வேறொன்றைச் செருகலாம். எஸ்.எம்.பி.எஸ். போனால் நான்கு ஸ்குரூ கழற்றி மாற்றலாம். போர்டு போனால் கேபினட்டில் இருக்கும் அத்தனையையும் பிரித்து மேஜையில் பரப்ப வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஐந்தாறு வருடம் கழித்துப் போனால் அதே சாக்கெட் உள்ள புது போர்டு கடையில் கிடைப்பது அரிது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர் உட்கார இடமில்லாமல் வீணாகும். புது போர்டு, அதற்கேற்ற பிராசஸர், அதற்கேற்ற ரேம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பிள்ளையின் படிப்புக்காகச் சீட்டு எடுத்து வாங்கிய வீட்டுக்கு அது பெரிய அடி. அதனால் இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக்கூடாது என்று நினைப்பவன் நான்.

கடையில் முன்வரிசையில் நிற்கும் பெயர்கள் நான்கு: அசுஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., அஸ்ராக். நான்குமே தைவான் கம்பெனிகள். கிகாபைட்டும் எம்.எஸ்.ஐ.யும் 1986இல் தொடங்கியவை. ஏசரில் வேலை பார்த்த நான்கு இன்ஜினியர்கள் வெளியே வந்து 1989இல் தைபேயில் ஆரம்பித்தது அசுஸ். அந்த அசுஸிலிருந்து 2002இல் கிளைத்து, விலை குறைந்த போர்டுகளில் காலூன்றியது அஸ்ராக். இந்த நால்வரின் போர்டுகளையும் அருகருகே வைத்து, சிப்புகளின் மேல் உள்ள எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படித்துப் பாருங்கள். சிப்செட் இன்டெல் அல்லது ஏஎம்டி கொடுத்தது. சவுண்டுக்குப் பெரும்பாலும் ரியல்டெக். லேன் போர்ட்டுக்கு ரியல்டெக் அல்லது இன்டெல். பவர் பகுதியில் இன்ஃபினியான், ரெனசாஸ், ரிச்டெக் என்ற பெயர்கள் மாறி மாறி வரும். எல்லோரும் வாங்குவது ஏறத்தாழ ஒரே இடங்களில்தான். எந்த விலைக்கு எவ்வளவு போடுகிறார்கள், எங்கே மிச்சம் பிடிக்கிறார்கள், பயாஸை எவ்வளவு கவனமாக எழுதுகிறார்கள் என்பதில்தான் பிரிகிறார்கள். என் அனுபவத்தில், ஒரே கம்பெனியின் அடிமட்ட போர்டுக்கும் நடுத்தர போர்டுக்கும் உள்ள தூரம் இரண்டு கம்பெனிகளின் நடுத்தர போர்டுகளுக்கு இடையில் இருப்பதில்லை.

இந்தத் தூரம் கண்ணால் பார்க்கக்கூடியது. பிராசஸர் சாக்கெட்டின் இடப்பக்கமும் மேல்பக்கமும் வரிசையாகச் சின்னச் சாம்பல் நிறக் கட்டிகள் நிற்கும். அவை சோக் சுருள்கள். எஸ்.எம்.பி.எஸ். அனுப்பும் 12 வோல்ட்டைப் பிராசஸருக்கு வேண்டிய ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுக்கும் பகுதி அது, வி.ஆர்.எம். என்பார்கள். பிராசஸர் 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 1.2 வோல்ட்டில் அதைக் கொடுக்க 83 ஆம்பியர் ஓட வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஒன்றரை டன் ஏசி இழுப்பதே ஏழெட்டு ஆம்பியர்தான். உள்ளங்கையைவிடச் சிறிய இடத்தில் இத்தனை மின்னோட்டம் ஓட, அங்குள்ள மாஸ்ஃபெட்டுகள் நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஆன் ஆகி ஆஃப் ஆகின்றன. சூடு இங்கேதான் கிளம்புகிறது. மலிவு போர்டுகளில் சோக்குகளின் எண்ணிக்கை குறைவு; மாஸ்ஃபெட்டுகளின் மேல் ஹீட் சிங்க்கும் இருக்காது. நான்கு கோர் பிராசஸரை வைத்து பில் போடும் கடைக்கு அது போதும். அதே போர்டில் பெரிய பிராசஸரை உட்காரவைத்து வீடியோ ரெண்டர் செய்தால், சூடு தாங்காமல் வேகம் குறைந்துகொண்டே வரும். பிராசஸருக்குக் கொடுத்த பணத்தின் பாதி அங்கேயே கரைகிறது.

2000களின் தொடக்கத்தில் ரிப்பேர் வேலை பார்த்தவர்களிடம் கெப்பாசிட்டர் என்று சொல்லிப் பாருங்கள். போர்டு போர்டாக கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்புத் திரவம் கசிந்து செத்த காலம் அது. உள்ளே இருந்த எலக்ட்ரோலைட்டின் சேர்மானம் சரியில்லாததால் ஹைட்ரஜன் வாயு உண்டாகி, அழுத்தம் கூடி, மூடியைத் தள்ளியது. விலை குறைந்த தைவான் கெப்பாசிட்டர்களை எல்லோரும் கைகாட்டினார்கள். ஏபிட் என்ற கம்பெனி அந்நாளில் பிராசஸரை விரட்டி ஓட்டும் இளைஞர்களின் கனவு போர்டு. 1999இல் வந்த அதன் பி.பி.6இல் சாதாரண செலரான்கள் இரண்டைப் பூட்டி ஓட்டலாம். அந்தப் பெரிய பெயரும் இதில் சிக்கியது. தன் போர்டுகளில் கோளாறு உண்டு என்று ஏபிட் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பிறகு கைமாறி, 2008 முடிவோடு அந்தப் பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. 2000இல் ஏபிட்தான் வாங்க வேண்டும் என்று அடித்துச் சொன்னவர்களின் வார்த்தைக்குப் பத்து வருடம்கூட ஆயுள் இல்லை.

ஜப்பான் கெப்பாசிட்டர் போட்டவை தப்பித்தன என்று ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலும் உண்மை. ஆனால் டெல் கம்பெனியின் ஆப்டிப்ளெக்ஸ் ஜி.எக்ஸ்.270 கம்ப்யூட்டர்கள் அலுவலகம் அலுவலகமாகச் செத்தபோது, அவற்றில் உப்பியிருந்தவை ஜப்பானின் நிச்சிகான் கெப்பாசிட்டர்கள். அந்தக் கோளாறைச் சரிசெய்ய 2005இல் டெல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. நிச்சிகான் இன்றும் மரியாதைக்குரிய பெயர்தான். குறிப்பிட்ட சில ஆண்டுகளில் வந்த குறிப்பிட்ட வரிசைகள்தான் கெட்டவை. எனக்கு இந்த ஒரு சம்பவம் பிராண்டு பற்றிய நினைப்பையே மாற்றியது. நல்ல கம்பெனியிலும் ஒரு கெட்ட வருடம் உண்டு; வாங்கும்போது நம் கைக்கு வருவது அந்த வருடத்துச் சரக்கு.

அந்த நோயால் ஒரு நன்மையும் விளைந்தது. திரவத்துக்குப் பதில் பாலிமர் நிரப்பிய சாலிட் கெப்பாசிட்டர்கள் போர்டுகளில் பரவின. திரவ கெப்பாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் இரட்டிக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்திருந்தால் 65 டிகிரியில் 32,000 மணி நேரம். சாலிடுக்கு 20 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு என்பது கணக்கு. அதே 65 டிகிரியில் இரண்டு லட்சம் மணி நேரம். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு முக்கியமான இடங்களில் எல்லாக் கம்பெனிகளும் சாலிட்தான் போடுகின்றன. ஆகையால் உப்பிய கெப்பாசிட்டரை நினைத்துப் பயப்படும் காலம் ஏறக்குறைய முடிந்தது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படி ஏறினால் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் சின்ன அறைகள் இருக்கின்றன. ஹாட் ஏர் கன்னும் மைக்ராஸ்கோப்புமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எந்த போர்டு நல்லது என்று கேட்டேன். "எல்லா கம்பெனியும் என் டேபிளுக்கு வருது சார். எது நிறைய விக்குதோ அது நிறைய வரும்" என்றார். இதைவிடத் தெளிவான பதிலை நான் கேட்டதில்லை. பழுதான போர்டுகளை எண்ணிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது, விற்றவை எத்தனை என்று தெரியாதவரை. அவர் சொன்ன சாவுக் காரணங்களில் கம்பெனி பெயர் வரவே இல்லை. மட்டமான எஸ்.எம்.பி.எஸ்., ஐப்பசி கார்த்திகை இடியில் பிராட்பேண்டு கேபிள் வழியாக வந்து லேன் போர்ட்டை எரித்த மின்னல், கேபினட்டுக்குள் புகுந்த பல்லி, வளைந்த சாக்கெட் பின். கடைசியாகச் சொன்னது நம் கையில் இருப்பது. இன்டெல் 2004இலிருந்து பின்களைப் பிராசஸரிலிருந்து எடுத்து போர்டின் சாக்கெட்டில் வைத்தது. ஏஎம்டியும் 2022இல் ஏஎம்5 சாக்கெட்டோடு அதே வழிக்கு வந்தது. அந்தச் சாக்கெட்டில் 1,718 பின்கள். முடி கனம்கூட இருக்காது. ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடைக்காது. சாக்கெட்டை மூடி வரும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பத்திரமாக வையுங்கள், சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அது வேண்டும்.

கம்பெனி எதுவானாலும் சில கோளாறுகள் வந்தே தீரும். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் புது 6 சீரீஸ் சிப்செட்டில் தவறு இருப்பதாக அறிவித்தது. பி67, எச்67 போர்டுகளில் நான்கு சாட்டா போர்ட்டுகள் நாளாக ஆக வலுவிழக்கும். அந்த சிப்செட்டை யார் வாங்கிப் போட்டிருந்தாலும் போர்டு பழுதுதான். மலிவு, விலை உயர்ந்தது என்ற பேதமே இல்லை. பழுதுபார்ப்புக்கும் மாற்றுவதற்கும் 70 கோடி டாலர் ஆகும் என்று இன்டெல் கணக்குச் சொன்னது. 2021 கடைசியில் வேறொரு பாடம். அசுஸின் உயர்ரக இசட்690 ஹீரோ போர்டுகள் சில, ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டதால் கருகின. 600 டாலர் விலையுள்ள போர்டு அது. அசுஸ் தவறை ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது; 2022இல் அமெரிக்காவில் சுமார் 10,000 போர்டுகள் அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டன.

ஆக நான் பார்ப்பது, தவறு தெரிந்தபின் கம்பெனி எப்படி நடந்துகொள்கிறது என்பதை. வெளியே சொல்கிறதா, மாற்றித் தருகிறதா, பழைய போர்டுக்கும் பயாஸ் அப்டேட் எழுதுகிறதா? கடைசிக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே விடை தேடலாம். நாலு வருடத்துக்கு முந்தைய மாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கம்பெனியின் தளத்தில் அதற்குக் கடைசியாக எப்போது பயாஸ் வந்தது என்று பாருங்கள். 2023 ஏப்ரலில் புது ரைசன் பிராசஸர்கள் சில, சாக்கெட்டிலேயே வெந்து போயின. அவற்றின் எஸ்.ஓ.சி. வோல்டேஜை 1.3க்கு மேல் ஏறவிடாமல் ஏஎம்டி கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது பயாஸ் அப்டேட்டாகத்தான். அப்டேட் எழுதாத கம்பெனியின் போர்டில் எத்தனை தங்க முலாம் இருந்தும் பயனில்லை.

மாடல் பெயரோடு ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். போர்டின் ஓரத்தில் சின்னதாக அச்சடித்திருக்கும். பெயர் மாறாமல் உள்ளே பாகங்கள் மாறுவது இந்தத் தொழிலில் நடக்கிறது. விமர்சனம் எழுதியவர் கையில் இருந்ததும் நமக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

திருச்சியில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, யூடியூப்ல ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க." பி760 சிப்செட், நான்கு ரேம் ஸ்லாட், மாஸ்ஃபெட் மேல் ஹீட் சிங்க் என்று மூன்று நிபந்தனை சொன்னேன். அவள் பட்ஜெட்டுக்கு மூன்று கம்பெனிகளில் ஒவ்வொரு மாடல் தேறியது. அதற்குமேல் எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "போர்டு பழுதானா உங்க ஊர்லயே யார் கையில வாங்கிக்கிறாங்கன்னு நேர்ல போய்க் கேட்டுட்டு வாம்மா" என்றேன். போய்க் கேட்டாள். ஒரு கம்பெனிக்கு ஊரில் வாங்குமிடமே இல்லை. கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். இன்னொன்றில் வாங்கிக்கொண்டு எப்போது தருவோம் என்று சொல்லத் தயாராக இல்லை. மூன்றாவது இடத்தில் சீரியல் நம்பர் போட்ட பில் இருந்தால் போதும், பழுதுபார்க்க முடியாவிட்டால் மாற்றித் தருவோம் என்றார்கள். அதையே வாங்கினாள். பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், அது அந்த ஊருக்கு மட்டும் பொருந்தும் விடை. தென்காசியில் இருப்பவருக்கு வேறு பெயர் வரலாம்.

முதலில் அவள் பார்த்து வைத்திருந்த பளபள போர்டைவிட இது விலை குறைவு. மிச்சப் பணத்தை நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் யு.பி.எஸ்.ஸிலும் போடச் சொன்னேன். அவர்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டரின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருக்கும் என்று அண்ணி சொல்வார். எர்த் இல்லாத பிளக்கில் எஸ்.எம்.பி.எஸ். மாட்டினால் அதன் ஃபில்டர் வழியாக இரும்புப் பெட்டிக்குக் கசியும் மின்சாரம் அது. எந்த கம்பெனி போர்டாக இருந்தாலும் அந்த வீட்டில் பாதுகாப்பாக இருந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் குழியைப் புதுப்பித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, இரண்டு வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே புது கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுத்தோம்.