குடமும் ஆடலே... கூட்டமும் ஆடுது!

பொன்னமராவதிக்கு ரயில் கிடையாது. புதுக்கோட்டையிலிருந்து பஸ்தான். பங்குனியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. இறங்க வழி கிடைத்தாலே பெரிய விஷயம்! முக்கால்வாசிப் பேர் பக்கத்து கொன்னையூர் மாரியம்மனைப் பார்க்கக் கிளம்பியவர்கள். நான் நண்பன் வீட்டுக் கறிக்குழம்புக்காக.

பகலெல்லாம் தீச்சட்டி, காவடி. ராத்திரி பக்கத்துக் கிராமத்தில் கரகாட்டம். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி... நையாண்டி மேளம் சூடு பிடித்ததும் என் கால் என்னைக் கேட்காமலே தாளம் போட ஆரம்பித்துவிட்டது. ஆடியவர் ஒரு திருநங்கை. உடம்பு பம்பரமாய்ச் சுற்றுகிறது, தலைக் குடம் இம்மி அசையவில்லை. விசில் பறந்தது. வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் ரூபாய் நோட்டோடு முண்டியடித்தார்.

விடிந்ததும் டீக்கடை. அதே பெரியவர் பெஞ்சில். கரகம் ஆடியவர் நின்றபடியே டீ குடித்தார். பெஞ்சில் தாராளமாய் இடம் இருந்தது.

"உட்காருங்களேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. நான் உக்காந்தா மத்தவங்க எந்திரிச்சிருவாங்க. கடைக்காரரு யாவாரம் கெட்டுப்போகும்" என்று சிரித்தார். பெரியவர் பேப்பரில் மும்முரமானார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் டிரைவர் பழைய டிஸ்கோ பாட்டாகப் போட்டுத் தள்ளினார். டிஸ்கோ என்றால் நமக்கு ஜிகினா சட்டை, சுழலும் கண்ணாடி உருண்டை, அவ்வளவுதான். அதற்குப் பின்னாலும் ஒரு டீக்கடை பெஞ்ச் இருக்கிறது, ஸார்!

நியூயார்க்கில் ஆணும் ஆணும் ஜோடியாக ஆடினால் போலீஸ் தொல்லை இருந்த காலம். 1970-ல் டேவிட் மன்கூசோ என்பவர் தான் குடியிருந்த 'லாஃப்ட்'டையே ஆட்டக் கூடமாக்கினார். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள், கறுப்பர்கள், லத்தீன்காரர்கள்... பகலில் தங்களை மறைத்துக்கொண்டு திரிந்த பலர் அங்கே விடிய விடிய ஆடினார்கள். வாத்தியக் கோஷ்டி கிடையாது, இசைத்தட்டுதான். (நம்ம ஊர் ரெக்கார்டு டான்ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்!) இந்த மாதிரிக் கூடங்களில் வளர்ந்த டிஸ்கோவுக்கு அப்புறம் உலகமே ஆடியது.

1979 ஜூலை 12. சிகாகோ பேஸ்பால் மைதானத்தில், இரண்டு மேட்ச்சுக்கு நடுவே, டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். பாட்டு பிடிக்காவிட்டால் ரேடியோவை அணைத்தால் போதாதா? வெடி எதற்கு? ஆடியவர்கள் மேல் இருந்த வெறுப்பும் அதில் கலந்திருந்தது என்று பிற்பாடு பலர் எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் தட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். கறுப்பர், தன்பால் ஈர்ப்பாளர். அந்தக் கிளப்பின் பெயரில் பாதியைப் பிய்த்துத்தான் 'ஹவுஸ்' இசை என்று பெயர் வந்தது. இன்றைக்குக் கல்யாண ரிசப்ஷனில் டி.ஜே. போடும் 'டும் டும்' அந்த வம்சம்தான். அதற்கு ஆடும் சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பாதி ஸ்டெப்பில் நிற்பார்!

தன்பால் ஈர்ப்பாளர் வேறு, திருநங்கை வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம். 2014-ல் திருநங்கையரை மூன்றாம் பாலினமாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2018 செப்டம்பர் 6-ல், வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமில்லை என்றது. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ. திருநங்கை ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் தடவை.

நான் பார்த்த கரகத்துக்கு ராத்திரிக் கூலிதான். விழாக் கமிட்டிக்காரர் எண்ணிக் கொடுத்தார், கை படாமல், தாம்பாளத்தில் வைத்து.