இடதுபக்க இருக்கை

நாமக்கல்லில் ஐம்பது வயதைத் தாண்டிய எந்த டிரைவரைக் கேட்டாலும் வரலாறு ஒன்றுதான். முதலில் வண்டி கழுவியிருப்பார். அப்புறம் தார்ப்பாய் மடித்திருப்பார், மேட்டில் நின்ற வண்டிக்குக் கட்டை போட ஓடியிருப்பார். இரண்டு மூன்று வருடம் கிளீனராக இடதுபக்கம் உட்கார்ந்து, பெரிய டிரைவர் கண் அசந்த நேரத்தில் காலி வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் பேச்சே வரும். இன்று அந்த இடதுபக்க இருக்கையில் ஆள் கிடையாது. புதிதாக வண்டி எடுக்கிற பையன்கள் முதல் வருடத்தை எப்படித் தாண்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் பட்டறைகளிலும் லாரி நிறுத்துமிடங்களிலும் சுற்றினேன். ஏறிப் பார்த்த கேபினில் எல்லாம் இடதுபக்கம் தண்ணீர் கேனும் போர்வையும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான் உட்கார்ந்திருந்தன.

இந்த வட்டாரத்துக்கு லாரி புதிதல்ல. சங்ககிரியில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளும் சமையல் எரிவாயு டேங்கர்களும் என்று ஊருக்கு ஒரு பங்கு உண்டு. சாலையோரப் பட்டறைகளில் வெல்டிங் பொறி பறக்க, பலகையும் இரும்புத் தகடும் ஏறி வண்டிக்கு உடம்பு உருவாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு காலத்தில் ஓசூரிலிருந்து கேபின் இல்லாத வெறும் சேசிஸைக் காற்றிலும் மழையிலும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது தொழிற்சாலையே கேபினைப் பூட்டி அனுப்புகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் பெரிய லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். பழைய டிரைவர்கள் இதைக் கேட்டு ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். பொறாமையும் அதில் கொஞ்சம் உண்டு.

கிளீனர் ஏன் போனார்? முதலாளிகளிடம் கணக்கு தயாராக இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின. பில்லைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் வேண்டியதில்லை. 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானது. சுங்கச்சாவடியில் சில்லறை எண்ண வேண்டியதில்லை. பவர் ஸ்டீயரிங் வந்துவிட்டது, டயர்களும் முன்பு போல அடிக்கடி பஞ்சர் ஆவதில்லை. அதைவிட முக்கியம், எடுபிடி வேலைக்கு வரப் பையன்களே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு தூங்கிக்கொண்டே இதைவிட அதிகம் சம்பாதிக்கலாம். இதில் எந்தக் காரணமும் பொய்யில்லை. ஆனால் கிளீனர் என்பது வேலையாள் பதவி மட்டும் இல்லை, அதுதான் பள்ளிக்கூடம் என்பதை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை.

லாரி ஓட்டச் சட்டப்படி இருபது வயது ஆகியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் வாங்கி ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். பிறகு பயிற்சிப் பள்ளி, பகலில் காலி வண்டியில் ஒரு தேர்வு, கையில் உரிமம். அந்தத் தேர்வில் லோடு கிடையாது, இரவு கிடையாது, மழை கிடையாது, மலையும் கிடையாது.

லாரி நிறுத்துமிடம் ஒன்றில் முதல் வருடத்தில் இருக்கும் ஒரு தம்பியோடும், முப்பது வருடத்துக்கு மேல் வடக்கே வண்டி ஓட்டிய ஒரு பெரியவரோடும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பெரியவர் இப்போது உள்ளூர் நடைதான் போகிறார். ஒருவருக்கொருவர் உறவில்லை. ஆனாலும் அவர் இவனைக் ‘கண்ணு’ என்கிறார், இவன் அவரை ‘அண்ணா’ என்கிறான்.

“பிரேக்கு வேற, நிறுத்தறது வேற கண்ணு. காலி வண்டிக்கு பிரேக் அடிச்சா வண்டி நிக்கும். லோடு வண்டிக்கு அடிச்சா, லோடு யோசிச்சுப் பாத்துட்டுதான் நிக்கும்” என்றார். பத்துச் சக்கர லாரிக்கு, வண்டியும் சரக்கும் சேர்த்து, முன்பு 25 டன்தான் வரம்பு. 2018-இல் அது 28.5 டன் ஆனது. முதல் மாதங்களில் எல்லாப் பையன்களும் முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போவார்கள் என்றார் பெரியவர். கார் ஓட்டிய கால் அப்படித்தான் பழகியிருக்கும். இடைவெளி விட்டால் கார்க்காரன் நடுவில் புகுந்துவிடுகிறான் என்று தம்பி முறையிட்டான். “புகுந்தா புகுரட்டும். மறுபடி இடைவெளி உடு. ராத்திரி முச்சூடும் உட்டுக்கிட்டே போ. ஊரு எங்கயும் ஓடிப் போவாது.”

பேச்சு தொப்பூருக்கு வந்தது. இந்தப் பக்கத்து டிரைவர்கள் கூடினால் அது வராமல் இருக்காது. பெங்களூருப் பக்கமிருந்து தர்மபுரி தாண்டி சேலத்துக்கு இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இல், மலைக்கு நடுவே நீளமான இறக்கமும் வளைவும் சேர்ந்து வரும் கணவாய் அது. இரட்டைப் பாலம் பக்கம் விபத்துச் செய்தி வராத வருடம் இல்லை. 2024 ஜனவரியில் லாரிகளும் கார்களும் ஒன்றின்மேல் ஒன்று மோதி உயிர்கள் போனதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். வைத்தும் இறங்குகிறார்கள். ஏன்?

டீசல்தான் காரணம். முதலாளி நடை முடிந்ததும் முதலில் கேட்பது மைலேஜ். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் கெட்டிக்கார டிரைவர். சில இடங்களில் மிச்சப்படுத்திய டீசலுக்குப் பணமும் உண்டு. புதுப் பையனுக்கு நல்ல பெயர் வாங்கும் அவசரம் வேறு. இறக்கம் கண்டதும் கியரை எடுத்துவிடுகிறான். அப்புறம் வண்டியைப் பிடிப்பது பிரேக் மட்டும்தான். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும், லைனிங் பிடிமானத்தை விடும், கருகல் வாடை கேபினுக்குள் வரும். வாடை வந்த பிறகு கியர் போடலாம் என்றால், அந்த வேகத்தில் கியர் விழாது. இன்னும் துணிந்தவர்கள் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். எஞ்சின் நின்றால் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நிற்கும், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் காற்று குறையும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கால எஞ்சின்களில் அந்த டீசல் மிச்சமும் கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் டீசல் செலுத்துவது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். பழைய பம்ப் காலத்துப் பழக்கம் ஒன்று, மிச்சம் பிடிக்கிற எண்ணத்தில் மிச்சமே இல்லாத இடத்தில் ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. மைலேஜ் கேட்கிற முதலாளி இதைச் சொல்லித் தந்திருக்கலாம்.

“மேடு ஏற எந்தக் கியர் கேக்குமோ, அதுலயே இறங்கோணும். சந்தேகமா இருந்தா இன்னும் ஒண்ணு கொறச்சுப் போடு. அதையும் இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே போட்ரோணும். எறங்கறதுக்கு எஞ்சினு, நிறுத்தறதுக்கு பிரேக்கு” என்றார் பெரியவர். இதை அவருக்கு யாரும் வாயால் சொல்லவில்லையாம். இடதுபக்கம் உட்கார்ந்து, குருவின் கை கியர்மேல் எப்போது போகிறது என்று பார்த்துப் பார்த்து வந்ததாம்.

காலையில் வண்டியைக் கிளப்பும் முன் தம்பி செய்வதைக் கவனித்தேன். எஞ்சினை ஓடவிட்டு ஏர் பிடிக்கட்டும் என்று காத்திருந்தான். மீட்டர் முள் ஏறும் வரை கீழே இறங்கி, கையில் ஒரு இரும்புக் கம்பியோடு வண்டியைச் சுற்றினான். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும்; குறைந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். பின்பக்க ஜோடி டயர்களுக்கு நடுவே கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். அந்தக் கல் இரண்டு டயரையும் தின்னும், தெறித்தால் பின்னால் வருபவனின் கண்ணாடி போகும். பிறகு கயிறு. லோடு ஏற்றிய இடத்தில் இறுக்கிய கயிறு அதே இறுக்கத்தில் இருக்காது. சரக்கு குலுங்கி அமரும்போது தளரும். கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் தார்ப்பாயின் மடிப்பு முன்பக்கக் காற்றுக்கு எதிராக வாய் திறந்திருந்தால் முடிந்தது கதை; நனைந்த மூட்டைக்கு வாடகையில் பிடிப்பார்கள்.

பின்பக்கம் எடுப்பதுதான் தனி ஆளுக்குப் பெரும் சோதனை. முன்பு கிளீனர் இறங்கி நின்று “வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும், போதும்” என்று குரல் கொடுப்பார். இப்போது குடோன் காவலாளி மனம் வைத்தால் உண்டு. இடதுபக்கம் கேபினை ஒட்டி வரும் இருசக்கர வண்டி டிரைவர் கண்ணுக்குப் படாது. அங்கே பார்த்துச் சொல்ல ஒரு ஜோடிக் கண் இருந்தது, இப்போது ஒரு கண்ணாடி இருக்கிறது. சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்த்துவிடு, பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை என்பது பெரியவரின் கட்டளை. தம்பிக்கு இதுதான் கஷ்டமாம். கூச்சம்.

டேங்கர் பக்கம் போனால் பாடம் வேறு. எரிவாயு டேங்கர் ஓட்ட, அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சி முடித்து உரிமத்தில் பதிந்திருக்க வேண்டும். திரவம் வெயிலில் விரியும் என்பதால் டேங்கை முழுக்க நிரப்ப மாட்டார்கள், சுமார் 85 சதவீதம்தான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். இது என்றைக்கும் நிறையாத குடம். பிரேக் அடித்ததும் உள்ளே இருப்பது முன்னால் வந்து மோதும், வளைவில் பக்கவாட்டில் சாயும். முதல் வருடத்தில் டேங்கர் வேண்டாம் என்று மூத்தவர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

தூக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், எல்லோரும் கொஞ்சம் பொய்யும் சொன்னார்கள். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்றது. இதை ஒரு டிரைவரிடம் சொன்னபோது, அரைமணி நேரம் எதற்கு, டீ குடிக்க ஐந்து நிமிடம் போதுமே என்றார். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் ஆபத்து. டீயும் புகையிலையும் அந்த நேரத்தைத் தள்ளிப்போடும், தாண்ட வைக்காது. கடந்து வந்த சுங்கச்சாவடி நினைவில் இல்லையென்றால் நீ ஏற்கெனவே தூங்கிவிட்டாய் என்று பெரியவர் தம்பியிடம் சொன்னார். உடனே ஓரம் கட்டி, சாலையில் அல்ல, பெட்ரோல் பங்கிலோ நிறுத்துமிடத்திலோ, இருபது நிமிடம் கண்ணை மூடினால் போதும். இரட்டை டிரைவர் போட்ட வண்டியில் இதற்கெல்லாம் அவசியமே வராது. ஒற்றை டிரைவரை வைத்துக்கொண்டு இரட்டை டிரைவர் நேரத்தில் சரக்கைக் கேட்பதுதான் நடக்கிறது.

விபத்து பற்றி அதிகம் பேச யாருக்கும் விருப்பமில்லை. புதிய குற்றவியல் சட்டத்தில், விபத்தில் ஆள் இறந்தும் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து ஆண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வட மாநிலங்களில் வண்டிகள் நின்றன. அந்தப் பிரிவை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்தார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் கடமை பழையதுதான். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வருகிற நிலை இருந்தால் அங்கே நிற்காமல் போவதைச் சட்டமே ஏற்கிறது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு நேராகப் போய்விடு, ஊருக்குப் போகாதே என்பதைப் பெரியவர் தம்பியிடம் இரண்டு முறை சொன்னார்.

பணக் கணக்கில் நான் கேட்ட ஒரே உருப்படியான அறிவுரை, அட்வான்ஸைக் குறைவாக வாங்கு என்பது. கடன் ஏறினால் மோசமான வண்டியையும் மறுக்க முடியாது. லைனிங் தேய்ந்திருக்கிறது, மாற்றினால்தான் எடுப்பேன் என்று சொல்ல முதலாளியிடம் கைநீட்டாதவனால்தான் முடியும்.

ஒரு முதலாளியிடம் கேட்டே விட்டேன். புதுப் பையனோடு மூன்று மாதம் ஒரு மூத்த டிரைவரை இடதுபக்கம் உட்கார வைத்தால் என்ன? “ரெண்டு பேட்டா யாருங்க குடுக்கறது? வாடகை ஒண்ணுதானுங்களே வருது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டே வண்டி, இரண்டுக்கும் தவணை. ஆனாலும் ஒரு சேசிஸ் வளைந்தால் ஆகும் செலவில் எத்தனை மாதம் இரட்டை பேட்டா கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை.

நான் கிளம்புவதற்கு முன் தம்பி வேறு ஒரு முதலாளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். முதல் முறையாக வடக்கே நடை. கூட ஒரு டிரைவர் வேண்டும் என்று கேட்டான். அவன் பேட்டாவில் பாதியைப் பிடித்துக்கொள்ளச் சம்மதமென்றால் போடுகிறேன் என்றது மறுமுனை. தம்பி பெரியவரைப் பார்த்தான். “புடிச்சுக்கட்டும்னு சொல்லு. ஆனா மொத நடைக்கு மட்டும்னு இப்பவே பேசிக்கோ, இல்லீனா பழக்கமாக்கிருவாங்க” என்றார் அவர்.